வலப்பக்கம் சத்தம் குறைவு

செப்டம்பர் 29, திங்கள்

சொல்வது நான், நாச்சிமுத்து. எழுதுவது என் வீட்டுக்காரி தெய்வானை. எனக்கு எழுத்து தெரியாது. அவள் எட்டாவது வரை போனவள்.

பட்டறை முதலாளி நந்து தம்பி இந்த டைரியைக் கொடுத்து, "தெனமும் என்ன கேட்டீங்க, என்ன சொன்னீங்கன்னு எழுத்துல வேணுங்கய்யா. வாங்கறவங்க கேக்கறாங்க" என்றார். எனக்கு என் ஞாபகம் போதும். ஆனால் ஞாபகத்தை எடுத்து யாரிடமும் காட்ட முடியாதே. அதனால் அவருக்குத் தினமும் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது. மிச்சமெல்லாம் இதில்.

பட்டறை கணபதி ஏரியாவில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடி. காதுக்குள் செருகிப் பாட்டுக் கேட்கிற இயர்போன் செய்கிறார்கள். மலிவுச் சரக்கு. பஸ்ஸில் போகிறவர்கள் வாங்குவது. உள்ளே வைக்கிற ஸ்பீக்கர், சாந்துப் பொட்டு அளவு, வெளியிலிருந்து வருகிறது. இங்கே கம்பி ஒட்டிக் கூட்டில் அடைத்து ரப்பர் மாட்டுவதுதான் வேலை. இடது காதுக்கு ஒரு பெஞ்ச், வலது காதுக்கு ஒரு பெஞ்ச். அன்றன்று செய்ததில் பத்தை எடுத்து என்னிடம் தருவார்கள். கேட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும்.

என்னை ஏன் வைத்தார் என்றால், அவர் அப்பாவின் பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியை வலது காதில் அழுத்திக் கேட்டால் எந்த பேரிங் எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். எண்பத்தேழில் பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, லாரியில் ஏற்றின அறுபது மோட்டாரில் ஒன்றை இறக்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பேரிங் குண்டு ஒன்றில் மயிரளவு கீறல். பெரியவர் அன்றைக்கு எனக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார். கரை பச்சை.

இன்றைக்குப் பத்துப் பீஸ். பாட்டில் தவில் நன்றாக வந்தது, குடத்துக்குள் அடிக்கிற மாதிரி இல்லை. பெண் குரல் தெளிவு. 'ஸ' வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சீறுகிறது. ரப்பர் உறுத்தவில்லை. கம்பி சட்டைப் பொத்தானில் உரசினால் காதுக்குள் எலி ஓடுகிற மாதிரி கேட்கிறது. அதற்கு ஒரு கிளிப் போடலாம்.

வலப்பக்கம் சத்தம் குறைவு. பத்திலும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றும் வலப்பக்கம் குறைவு. நந்து தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் முள் ஒரே இடத்தில் நின்றது.

"மீட்டர் சரிங்குதுங்கய்யா."

"மீட்டர் பாட்டாங் கேக்குது, தம்பி?" என்றேன்.

அவரும் போட்டுக் கேட்டார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "எங்கப்பாவே உங்க காத நம்புனாரு. எனக்கென்னங்க" என்று மீட்டரை மேசைக்குள் போட்டு மூடினார்.

வலது பெஞ்சில் கம்பி ஒட்டுகிறவள் ஜெயசீலி. முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னே கீழே தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் மாமியார் வீட்டை விட்டு, மகளோடு தனியாக ஒரு ரூம் பிடித்திருக்கிறாள். ஒட்டுகிறபோது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மீட்டர் மூடுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பி ஒட்ட ஈயம் பற்றவைக்கிற குழலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். வேலை இல்லை. பொரி, கடலை, ஆளுக்கொரு வாழைப்பழம்.

ஜெயசீலி பொரியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அய்யா, தப்பா நெனக்காதீங்க. எடத வலதுல, வலத எடதுல மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

"நம்முளது மூக்கு வளஞ்ச மாடல், அம்மணி. எடது காதுக்குச் செஞ்சது வலது காதுல ஒக்காராது. ஒக்காரலீன்னா காத்துப் போகும். காத்துப் போனா தவிலு செத்துரும். மாத்திக் கேட்டா கணக்கில்ல."

நான் சொன்னது முழுக்க உண்மை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அவள் பொரியைத் தின்னவில்லை, மகளுக்கு முடிந்துகொண்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைக்கு மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று பார்த்தேன். ஒரு மணி நேரம் கழற்றவில்லை. சின்ன ரப்பர் வழுக்குகிறது, பெரியது காதுக்குள் விரலை விட்ட மாதிரி அழுத்துகிறது, நடுவாந்திரம் சரி. முறுக்குக் கடித்துப் பார்த்தேன். தாடை அசைந்தால் இடது கழல்கிறது, வலது நிற்கிறது. மாடிப்படி ஏறி இறங்கினேன். விழவில்லை. வியர்த்தால் மட்டும் நசநசப்பு. இந்த விலைக்கு இது போதும் என்று சீட்டில் எழுதச் சொன்னேன்.

சத்தம், வலப்பக்கம், பழைய கதை.

ஈரோட்டு மொத்த வியாபாரி பதினொன்றாம் தேதி சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறாராம். தீபாவளிக்கு ஐயாயிரம் வேண்டும். என் சீட்டு சுத்தமாக இருந்தால்தான் எடுப்பார். நந்து தம்பி எல்லார் முன்னாலும் சொன்னார்: "சனிக்கிழம பத்துப் பீஸுலயும் வலது சரியா இருக்கோணும். இல்லீன்னா, ஜெயசீலிக்கா, நான் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். மனசுல வெச்சுக்காதீங்க."

அவள், "சரிங்க" என்றாள். எதிர்த்து ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 4, சனி

வலப்பக்கம் குறைவு. ஒன்பதில்.

பத்தாவது என்ன ஆச்சு என்று தெய்வானை கேட்கிறாள். பத்தாவதும்தான். எழுது.

அக்டோபர் 5, ஞாயிறு

தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம் பிடித்தோம். ரேஷனில் பச்சரிசிதான் இருந்தது, வாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் மூன்று நாளாக டைல்ஸ் அறுக்கிறார்களாம். தெய்வானைக்குத் தலைவலி. நான் பகலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், ஒரு தொந்தரவும் இல்லை, நல்ல தூக்கம். "அந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறீங்களோ" என்கிறாள். மனசு சுத்தமாக இருந்தால் தூக்கம் வரும் என்றேன்.

சாயங்காலம் மளிகைக்குப் போகையில் ஒரு பைக்காரன் வலது கையை உரசிக்கொண்டு போனான். ஹாரன் அடிக்கவில்லை.

அடித்தான் என்கிறாள் தெய்வானை. இரண்டு தடவை அடித்தானாம். இதை எழுதாதே என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஜெயசீலி தன் ஸ்டூலை என் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்துப் பீஸையும் பிரித்து, என் கண் முன்னால் ஒவ்வொன்றாக மறுபடி ஒட்டினாள். ஈயம் உருகி மணிபோல் உட்கார்ந்தது. நான் பார்த்தவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இப்பக் கேளுங்கய்யா."

கேட்டேன். மொத்தப் பட்டறையும் கையை நிறுத்திவிட்டது.

"கொறவுதான்."

"எவ்வளவுங்க?"

"பாதிக்குக் கீழ."

அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் கொடுத்தாள். அவளும் கேட்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்கய்யா."

"பேரிங்ல கீறல் இருந்தப்பவும் மத்தவங்களுக்கு அறுபதும் ஒண்ணாத்தான் கேட்டுது" என்றேன்.

பக்கத்துப் பெஞ்சுக்காரி சிரித்துவிட்டாள். "அய்யா காது யானக் காது, ஜெயசீலி. நம்முளது எலிக் காது. உடு."

ஜெயசீலி சிரிக்கவில்லை. குழலின் நுனியைப் பஞ்சில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒப்பிட்டுப் பார்க்க என்று நந்து தம்பி நடைபாதைக் கடையில் விற்கிற ஒரு இயர்போன் வாங்கிவந்து கொடுத்தார். நம்முடையதைவிட விலை குறைவு. தவிலைத் தவிர ஒன்றும் கேட்காது. பாடுகிற பெண் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மாதிரி. மழைச் சத்தத்தைப் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு. முக்கால் மணியில் காது வலித்தது. நம் சரக்கு இதைவிட நாலு மடங்கு மேல்.

இதன் கூடு வளைவில்லாமல் நேராக, தோட்டா மாதிரி இருக்கிறது. எந்தப் பக்கத்தையும் எந்தக் காதிலும் போடலாம்.

வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

*இதை அவர் சொல்லவில்லை, தெய்வானை நானாக எழுதுகிறேன். காலையில் பட்டறைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தோட்டா மாதிரிச் சாமானை மாட்டிக்கொண்டார். பக்கம் மாற்றினார். மறுபடி மாற்றினார். நான் நாலு தடவை வரை எண்ணினேன், பிறகு அரிசி பொங்கிவிட்டது. வந்து பார்த்தால் இன்னும் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு என் காதில் போட்டு, "எந்தப் பக்கங் கொறவு, சொல்லு" என்றார். ரெண்டும் ஒண்ணுதானுங்க என்றேன். "உனக்குக் காது சரியில்ல" என்றார். பிறகு சாப்பிடவில்லை. இந்த நோட்டில் எத்தனை நாளாக வலப்பக்கம் குறைவு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.*

அக்டோபர் 9, வியாழன்

நேற்று நான் எழுத ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் பக்கம் நிறைந்திருக்கிறது. என்ன எழுதினாய் என்று கேட்டேன். பால் கணக்கு என்கிறாள். சரி.

சனிக்கிழமை பத்துப் பீஸும் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"கேக்காமயேங்களா?" என்கிறாள்.

முப்பத்தெட்டு வருஷ அனுபவத்தில் முன்கூட்டியே சில விஷயங்கள் தெரியும். அந்தப் பெண் வேலையில் இருப்பாள், தம்பிக்கு ஆர்டர் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. தீபாவளி போனதும் கால் வலி என்று சொல்லி நின்றுகொள்ளலாம். மாடிப்படி ஏறுவது சிரமமாகத்தான் இருக்கிறது.

தெய்வானை பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுது என்றேன். "எழுதறதுக்கு இன்னும் என்னமோ இருக்குதுன்னு பாத்தேன்" என்கிறாள்.

இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கை கழுவுகிற இடத்தில் ஜெயசீலி நின்றிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பார்க்கப் பொறுக்காமல், "கவலப்படாத அம்மணி. நாளைக்குச் சரியா வந்துரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் குழாயை மூடினாள்.

"எப்படீங்கய்யா தெரியும்? நாளைக்குப் பீஸ நான் இன்னும் ஒட்டவே இல்லீங்களே."

சாமி விட்ட வழி என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி, என் முகத்தை, பிறகு என் காதை, இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

அவ்வளவு நேரம் அவள் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 11, சனி

பதினோரு மணிக்குப் பத்துப் பீஸ் வந்தது. ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. எண் படிக்க எனக்குத் தெரியாது, நந்து தம்பி வரிசைப்படி எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவில், பெண் குரல், மழை. ஒவ்வொன்றுக்கும் முன்பு எடுத்துக்கொண்ட நேரத்தையே எடுத்துக்கொண்டேன். குறைத்தால் சந்தேகம் வரும். இடதில் கேட்டதை வைத்துத் தலையை ஆட்டினேன். வலதில் என்ன கேட்டது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"பத்தும் சரி, தம்பி."

"வலது?"

"சுத்தம்."

நந்து தம்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஜெயசீலியிடம், "பாத்தீங்களாக்கா, அய்யா சொன்னதுனாலதான இவ்வளவு சுத்தமா வந்துச்சு" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். நான் காற்றாட மாடிப்படிக்கு வந்தேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். எனக்கு முன்னால், இரண்டு படி கீழே போய் நின்றுகொண்டாள்.

"ஏழாவது பீஸுல வலது கம்பிய நான் ஒட்டவே இல்லீங்கய்யா. கூட்ட மூடி ரப்பரு மட்டும் மாட்டி வெச்சேன். அதுல ஒண்ணும் கேக்காது. எறும்பு நடக்கற சத்தங்கூடக் கேக்காது."

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நீங்க சொன்னப்பறந்தான் எனக்குச் சந்தேகம். ராத்திரி பூராவும் நெனச்சேன், செய்யலாமா வேண்டாமான்னு. வயசானவரு. செஞ்சுட்டேன்."

"அம்மணி, யாருக்கும் நஷ்டமில்லாமத்தான் நான்..."

"பன்னெண்டு நாளு. ஒட்டுனதையே பிரிச்சுப் பிரிச்சு ஒட்டறேன். எம் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. மகள மறுபடி எம் மாமியார் வூட்டுக்கே அனுப்பப் பைய கட்டி வெச்சிட்டேன். உங்க பேரு போகக் கூடாதுன்னு எம் பேரப் பறிச்சீங்க. இன்னைக்கு அதத் திருப்பித் தர்ற மாதிரி ஒரு பொய் சொல்றீங்க. எனக்கு நீங்க போடற பிச்ச வேண்டாம்."

"உள்ள போய்ச் சொல்லப் போறயா?"

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, கம்பி ஒட்டாதவ பழிய அடுத்தவர் மேல போடறாம்பாங்க. நீங்கதான் சொல்லோணும். ஈரோட்டுக்காரர் நாலு மணிக்கு வர்றாரு. அதுக்குள்ளார இல்லீன்னா, ஏழாவது பீஸ அவுரு காதுல நானே மாட்டி உடறேன். எனக்கு வேல போனாப் போகுது."

படி ஏறி என்னைத் தாண்டி உள்ளே போனாள். டீ வந்தது. குடித்தேன். சூடு தெரியவில்லை.

பிறகு உள்ளே போய், எல்லார் முன்னாலும், "தம்பி, ஏழாவதக் கேட்டுப் பாருங்க" என்றேன். மாட்டினார். பாட்டைப் போட்டார். வலதைத் தட்டினார், கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். "வலது செத்திருக்குதுங்களே. இதச் சரின்னீங்களே" என்றார்.

"எனக்கு வலது காது கேக்கறதில்ல, தம்பி."

யாரோ குழலை ஸ்டாண்டில் வைத்தது கேட்டது.

"எப்பருந்துங்க?"

"கொஞ்சங் கொஞ்சமா. ஆடியில தெரிஞ்சுது. இல்ல. அதுக்கு முன்னாலயே தெரியும். இந்தப் புதன்கிழமதான் ஒத்துக்கிட்டேன்."

அவர் மூலையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். என் சொல்லைக் கேட்டு அவர் ஒதுக்கி வைத்த சரக்கு. "எங்கப்பா இருந்திருந்தா இப்ப உங்கள என்னங்க கேப்பாரு?"

"மாத்திப் போட்டுப் பாத்தயாடான்னு கேப்பாரு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மீட்டரை வெளியே எடுத்தார். ஏழாவதை ஓரமாக வைக்கச் சொல்லி, இரண்டு பெண்களை உட்கார வைத்து மற்ற ஒன்பதையும் கேட்கச் சொன்னார். ஒன்பதும் சரி. ஒதுக்கி வைத்த பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்துக் கேட்டார்கள். அதுவும் சரி.

"பழைய சீட்டெல்லாம் ஈரோட்டுக்குப் போட்டோ புடிச்சு அனுப்பிட்டனுங்க" என்றார். "அதத் தப்புன்னு எழுத்துல குடுக்கோணும். நீங்கதான் குடுக்கோணும். அப்பறம், திங்கக்கிழம வர வேண்டாங்கய்யா. காது டாக்டரப் பாருங்க."

எழுத ஆள் வேண்டும். தெய்வானை வீட்டில். யாரும் முன்வரவில்லை. ஜெயசீலிதான் கடைசியில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து, என் மேசையில் எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வலப்பக்கம் சத்தம் குறைவு என்று நான் கொடுத்த சீட்டுகள் எல்லாம் தவறு. குறை சரக்கில் இல்லை, என் வலது காதில். அதை எனக்குள் ஒத்துக்கொண்ட பிறகும் மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். இன்று காலை பத்தும் சரி என்று சொன்னதும் கேட்டுச் சொன்னதில்லை. வலது பெஞ்சில் ஒட்டியதில் எந்தத் தவறும் இல்லை.

பேனா நின்றது.

"பெஞ்சு ஒட்டாதுங்கய்யா. ஆளுதான் ஒட்டும்."

அவள் பேரைச் சொன்னேன். ஜெயசீலி ஒட்டியதில் எந்தத் தவறும் இல்லை. அவள் எழுதினாள். தன் பேரை எழுதும்போதும் மற்ற எழுத்து மாதிரியே எழுதினாள், பெரிதாக்கவில்லை.

பிறகு எழுந்து வந்து, என் இடப்பக்கம் நின்று, முழுவதையும் படித்துக் காட்டினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு சொல்கூடத் தவறவில்லை எனக்கு.

மைப்பெட்டியை நகர்த்தினாள். கட்டை விரலை வைத்தேன். ரேகை காய்கிற வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடிக்காமல் கொண்டுபோய் நந்து தம்பியின் மேசையில் வைத்தாள். திரும்பி வருகையில் ஏழாவது பீஸை எடுத்துக்கொண்டு தன் பெஞ்சுக்குப் போனாள். கூட்டைப் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விட்டுவைத்திருந்த கம்பியை ஒட்டினாள்.